ஆங்கிலம் வந்த வழி: நம்மூர் வகுப்பறைகளைப் பற்றிச் சில எண்ணங்கள்

ஏப்ரல், மே மாதம் வந்துவிட்டால் புதுச்சேரியில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சுதான். "பேரனை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் இங்கிலீஷ் நன்றாக வரும்?" பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். ஏ.சி. வகுப்பு, சுவரில் பெரிய திரை, ஆளுக்கொரு நாற்காலி, வாசலில் வேன். வகுப்பறை நன்றாக இருந்தால் படிப்பும் நன்றாக வரும் என்று பெற்றோர் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நல்ல வகுப்பறை என்பது எது? இதற்கு விடை தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. ஓர் ஊரே ஒரு மொழியை விட்டு இன்னொரு மொழிக்கு மாறியதைக் கண்ணால் கண்டவர்கள் நாம். அந்த அனுபவம் இந்தியாவில் அதிகம் பேருக்குக் கிடைத்ததில்லை.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுக்காரர்கள் இங்கே 1826-ல் அரசுக் கல்லூரியைத் தொடங்கினார்கள். இன்று லிசே என்று நாம் சொல்வது அதன் தொடர்ச்சிதான். மிஷன் பாதிரியார்களின் பெத்தி செமினேர் 1844-ல் வந்தது. கலவை கல்லூரியும் பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்ததே. உத்தியோகம் வேண்டுமானால் பிரெஞ்சு வேண்டும். செர்த்திபிகா, பிரெவே, பக்கலோரெயா என்று படிப்படியாக ஏறினால் அரசாங்க அலுவலகத்திலோ, சைகோனிலோ ஒரு நாற்காலி கிடைக்கும். ஆங்கிலமும் இங்கே இல்லாமல் இல்லை. ரயில் ஏறினால் சென்னை, அந்தப் பக்கம் முழுதும் ஆங்கிலேயர் ஆட்சி. அங்கே வேலைக்கும் படிப்புக்கும் போக நினைத்தவர்கள் ஆங்கிலம் கற்றார்கள். ஆனால் ஊருக்குள் அதிகாரம் பிரெஞ்சுக்குத்தான்.

1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவுடன் இணைய வேண்டும் என்றார்கள். நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறியது. 1956 மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் இணைப்பு முடிந்தது. மக்களின் பிரதிநிதிகள் வேறு விதமாக முடிவு செய்யும் வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக இருக்கும் என்று அந்த ஒப்பந்தம் சொன்னது. 1963-ல் சட்டசபை வந்தது. 1965-ல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. தமிழ் ஆட்சிமொழி, மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு, அரசு அலுவல்களுக்கு ஆங்கிலத்தையும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். நடைமுறையில் கோப்புகளெல்லாம் ஆங்கிலத்துக்குப் போயின. 1961-ல் தாகூர் கலைக் கல்லூரி தொடங்கியது. 1823-ல் பிரெஞ்சுக்காரர் ஆரம்பித்த மருத்துவப் பள்ளியின் இடத்தில் 1956-ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி வந்து, 1964-ல் ஜிப்மர் ஆயிற்று. அங்கே படிக்க ஆங்கிலம் வேண்டும். ஆக, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஊரின் சோற்று மொழி மாறிவிட்டது.

அந்த ஆண்டுகளில்தான் நான் பள்ளியில் படித்தேன். வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு. ஆறாம் வகுப்புக்குச் சமமான சீஸியேமில் ஆங்கிலம் தொடங்கும். ஒரே அறை. உயரமான கூரை, ஓட்டை விழுந்த மசிக்கூடுகள் பதித்த பெஞ்சுகள், முற்றத்துப் பக்கம் பெரிய பெரிய சன்னல்கள். இருபத்தெட்டுப் பையன்கள். காலையில் அந்த அறையில் பிரெஞ்சு, பிற்பகலில் அதே அறையில் ஆங்கிலம். வகுப்பறைச் சூழல் என்றால் கட்டடமும் பெஞ்சும்தான் என்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அறை ஒன்று, பிள்ளைகள் அதே பிள்ளைகள். ஆனால் இரண்டு வேளைக்கும் காற்றே வேறு.

பிரெஞ்சு வகுப்பில் திக்தே என்று ஒன்று உண்டு. பழைய ஆட்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே வியர்க்கும். முசே நின்றுகொண்டு பாடத்தை வாசிப்பார், நாங்கள் எழுத வேண்டும். மொத்தம் இருபது மதிப்பெண். இலக்கணப் பிழை ஒன்றுக்கு நான்கு போகும். ஐந்து பிழை செய்தால் பூஜ்யம். பிறகு நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்கும்போது குறைந்த மதிப்பெண்ணிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். அந்த அறையில் அப்போது பல்லி கத்தினால்கூடக் கேட்கும். தெரிந்தவனும் வாயைத் திறக்கமாட்டான். ஏனென்றால் பிரெஞ்சில் பிழை செய்வது வெறும் பிழையல்ல. நீ உத்தியோகத்துக்கு லாயக்கில்லாதவன் என்பதற்கு அது அத்தாட்சி.

பிற்பகலில் ஆங்கிலம். பாடப்புத்தகம் பிரான்சில் அச்சானது, கார்ப்பந்தியே-ஃபியாலிப் எழுதிய 'லாங்லே விவான்'. உயிருள்ள ஆங்கிலம் என்று பொருள். பிரான்சில் 1902-லேயே அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டிருந்தது. அயல்மொழியை மொழிபெயர்த்துச் சொல்லிக் கொடுக்காதே, அந்த மொழியிலேயே பேசு, பொருளைக் காட்டு, நடித்துக் காட்டு என்பது அதன் கருத்து. நேர்முறை என்று அதற்குப் பெயர். எங்களுக்கு ஆங்கிலம் எடுத்தவர் பிரான்சிலிருந்து வந்தவர். அவர் கதவைத் திறப்பார், மூடுவார், தொப்பியைக் கழற்றுவார், ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொல்லுவார். பிரெஞ்சுக்காரர் நாக்குக்கு 'ஹ' வராது, 'தி' வராது. "ஸிஸ் இஸ் மை அவுஸ்" என்பார். நாங்கள் சிரிப்போம். அவரும் சிரிப்பார். எங்களில் ஒருவன் எழுந்து "ஹவுஸ், முசே" என்று திருத்தியபோது, அவனை அருகில் கூப்பிட்டு எல்லோருக்கும் ஒருமுறை சொல்லிக் காட்டச் சொன்னார். காலையில் பிரெஞ்சில் அவர் வார்த்தைதான் சட்டம். பிற்பகலில் ஆங்கிலத்தில் அவரும் எங்களைப் போல ஒரு வழிப்போக்கர்.

ஆங்கிலம் எங்களுக்கு எப்படி வந்தது என்று பல வருஷம் யோசித்து நான் கண்டது இதுதான். அந்த அறையில் ஆங்கிலத்துக்கு அதிகாரம் இல்லை. அதில் தப்பினால் யாருடைய மானமும் போகாது. அதனால் வாய் திறந்தது. வாய் திறந்ததால் மொழி வந்தது.

இப்போது இன்னொரு வகுப்பறை. என் அத்தை மகன் தமிழ்வழிப் பள்ளியில் படித்தான். சென்னை மாநிலப் பாடத்திட்டம். என்னைவிடக் கெட்டிக்காரன், கணக்கில் புலி. அவன் வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பேர், பெஞ்சுக்கு ஆறு பேர். "திஸ் இஸ் எ பென், தட் இஸ் எ பென்" என்று வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாகச் சொல்லிக் கொடுக்கும் முறை அப்போது வந்திருந்தது. அந்த முறையில் குற்றமில்லை. பொருளைக் கையில் எடுத்து, ஒவ்வொரு பிள்ளையும் பேசிப் பழக வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால் ஐம்பத்தெட்டுப் பேர் ஒவ்வொருவராகப் பேச நேரம் எங்கே? அதனால் எல்லோரும் சேர்ந்து கோரஸாகக் கத்தினார்கள். பிறகு ஆசிரியர் பாடத்தைத் தமிழில் விளக்கினார், கேள்வி பதிலைப் பலகையில் எழுதினார், பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். தனியாக எழுந்து பேசும் சந்தர்ப்பம் ஒன்றே ஒன்றுதான். ஆசிரியர் கேள்வி கேட்டு, தெரியாதவன் நிற்கும் சந்தர்ப்பம்.

அவன் எஸ்.எஸ்.எல்.சி.யில் ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் வாங்கினான். கடிதம் எழுதினால் பிழை இருக்காது. ஆனால் ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனவன், கேட்ட கேள்வி ஒவ்வொன்றுக்கும் விடை தெரிந்தும், உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடியே திரும்பி வந்தான். "தெரியாம இல்லடா. தப்பா வந்துட்டா சிரிச்சிடுவாங்களேன்னு நாக்கு எழும்பலை" என்றான். அந்த வேலை கைக்கு எட்டாமல் போனது. அத்தை கடைசி வரை அதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார்கள்.

அத்தை மகன் உட்கார்ந்திருந்த வகுப்பறையை உலகத்தில் வேறொருவரும் கவனித்து எழுதியிருக்கிறார் என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரியவந்தது. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் டாக்காவில் பல ஆண்டுகள் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். வங்காளப் பிள்ளைகளுக்காக எளிய ஆங்கில வாசிப்புப் புத்தகங்கள் தயாரித்தவர். 1960-ல் அவர் வெளியிட்ட ஒரு சிறு நூலின் பொருளே கடினமான சூழ்நிலையில் ஆங்கிலம் கற்பிப்பது. முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், பெஞ்சுகளில் நெருக்கம், ஒரே வகுப்பில் பல தரம், ஆசிரியருக்கே ஆங்கிலம் சரளமாக வராத நிலை, மேலே வெயில். இதுதான் அவர் சொன்ன கடினமான சூழ்நிலை. நம் நாட்டில் இதற்குப் பெயர் வகுப்பறை! இப்படிப்பட்ட இடத்துக்கு என்றே தனியாக ஒரு வழி வகுக்க வேண்டும், இங்கிலாந்தின் சின்ன வகுப்புக்குச் செய்த முறையை அப்படியே கொண்டுவந்து வைத்தால் நடக்காது என்பது அவர் கருத்து.

மொழியை வெட்கத்தோடு கட்டிப்போடும் வழக்கம் நம்மூருக்கு மட்டும் சொந்தமல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டுப் பள்ளிகளில் தாய்மொழியில் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிட்டார்கள். அடுத்து யார் வேல்ஷ் மொழியில் பேசுகிறானோ அவனுக்கு அது மாறும். மாலையில் யாரிடம் இருக்கிறதோ அவனுக்கு அடி. பிரான்சில் பிரெத்தோன் மொழி பேசும் பகுதியிலும் இதே வழக்கம் இருந்தது, அங்கே அதற்கு 'சிம்போல்' என்று பெயர். நம் பக்கத்தில் மரத்துண்டு வேண்டியிருக்கவில்லை. தமிழில் பேசினால் பத்துப் பைசா அபராதம் என்ற பள்ளிகள் இருந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். அபராதத்துக்குப் பயந்த பிள்ளை ஆங்கிலம் பேசியதா? பெரும்பாலும் எந்த மொழியிலும் பேசாமல் இருந்தது.

1970-ஐ ஒட்டி நான் அரசாங்க வேலைக்கு வந்தேன். அங்கே இன்னொரு வகுப்பறையைப் பார்த்தேன். அதில் மாணவர்களுக்கு ஐம்பது வயது! பிரெஞ்சுக்காலத்தில் வேலைக்குச் சேர்ந்த பெரியவர்கள் இன்னும் இருந்தார்கள். பிரெஞ்சில் முத்து முத்தாக எழுதியவர்கள். இப்போது கோப்பில் ஆங்கிலத்தில் குறிப்பு எழுத வேண்டும். என் பக்கத்து மேசைப் பெரியவர் சொல்லுவார்: "தம்பி, இதைப் பிரெஞ்சிலே நாலு வரியிலே முடிச்சிடுவேன். இங்கிலீஷ்னு வந்தா பேனாவே நகர மாட்டேங்குது." தட்டச்சுப் பொறியிலும் அதே கஷ்டம். பிரெஞ்சுப் பொறியில் 'ஏ' இருக்கும் இடத்தில் ஆங்கிலப் பொறியில் 'க்யூ' இருக்கிறது. 'டபிள்யூ'வும் 'இசட்'டும்கூட இடம் மாறியிருக்கும். 'ஆண்ட்' என்று அடித்தால் தாளில் 'க்யூ'வில் ஆரம்பிக்கும். முப்பது வருஷம் பழகிய விரல் எப்படி உடனே மாறும்?

ஒரு பிரிவில் கண்காணிப்பாளர் ஒருவர், பிழையுள்ள குறிப்பைச் சிவப்பு மையால் சுழித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துக் காட்டுவார். அந்தப் பிரிவில் என்ன நடந்தது தெரியுமா? யாரும் சொந்தமாக ஒரு வரி எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். பழைய கோப்பைத் தேடி எடுத்து, தேதியையும் பெயரையும் மாற்றி, மற்றதை அப்படியே எழுதினார்கள். "ஐ ஆம் டைரக்டட் டு ஸ்டேட்" என்று தொடங்கினால் உள்ளே என்ன இருந்தாலும் பத்திரம். சில சமயம் குடிதண்ணீர்க் குழாய்க்கு எழுதிய பதில் ரேஷன் கடைக்கும் போனது.

இன்னொரு பிரிவில் கண்காணிப்பாளர் பென்சிலால் திருத்துவார். எழுதியவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "ஐயா, நீங்க என்ன சொல்ல வந்தீங்க? தமிழிலே சொல்லுங்க, பிரெஞ்சிலே வேணும்னாலும் சொல்லுங்க" என்பார். அவர் சொன்னதை இரண்டு பேருமாகச் சேர்ந்து ஆங்கிலத்தில் கட்டுவார்கள். வேலை முடிந்ததும் பென்சில் அடையாளத்தை அழித்துவிடலாம், கோப்பில் அவமானம் நிற்காது. நான் சொன்ன அந்தப் பெரியவர் இந்தப் பிரிவுக்கு மாற்றலானார். ஆறு மாதத்தில் சொந்தமாக ஆங்கிலத்தில் பதில் தயாரித்தார். வயது மாறவில்லை, மூளை மாறவில்லை. மேசை மாறியது.

இதற்கும் முன்பே ஆசிரமத்தில் ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது. 1943 டிசம்பரில் சுமார் இருபது பிள்ளைகளோடு தொடங்கிய அந்தப் பள்ளியில் கணக்கும் விஞ்ஞானமும் பிரெஞ்சில், வரலாறு போன்ற பாடங்கள் ஆங்கிலத்தில் என்று ஏற்பாடு. வங்காளத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குழந்தைகள் இரண்டு அயல்மொழியையும் ஒன்றாகப் பழகினார்கள். வகுப்பு சிறியது, பட்டத்துக்கான பரீட்சை கிடையாது. இதை எல்லாப் பள்ளியிலும் செய்ய முடியாது என்பீர்கள். சரிதான்.

சாதாரணப் பள்ளியில் முடியுமா என்று 1979-லிருந்து 1984 வரை என்.எஸ். பிரபு என்ற அறிஞர் செய்து பார்த்தார். பெங்களூர்த் திட்டம் என்று பெயர் பெற்றது. பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிகளின் பெரிய வகுப்புகளிலேயே நடந்தது. இலக்கணத்தை நேராகச் சொல்லிக் கொடுக்கவில்லை. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, எந்த வண்டியில் போனால் எப்போது போய்ச் சேரலாம் என்று கேட்டார்கள். வரைபடத்தைக் கொடுத்து வழி கேட்டார்கள். பிள்ளையின் மனம் விடையில் இருந்தது, ஆங்கிலத்தில் இல்லை. தப்பான ஆங்கிலத்தில் சரியான விடை சொன்னால் அதை ஏற்றுக்கொண்டு, சரியான வடிவில் ஆசிரியர் திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். வெளியாட்கள் வந்து சோதித்தபோது எல்லாச் சந்தேகமும் தீர்ந்துவிடவில்லை என்றாலும், முடிவு ஓரளவு சாதகமாகவே இருந்தது. செலவு ஒரு துண்டுத் தாளும் சாக்குக்கட்டியும்.

கட்டடம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. தகரக் கூரையில் மழை கொட்டும்போது எந்த மொழியும் காதில் விழாது. கூட்டத்துக்கும் கணக்கு இருக்கிறது. நாற்பத்தைந்து நிமிஷ வகுப்பில் வருகைப் பதிவுக்கு ஐந்து நிமிஷம், ஆசிரியர் பேச்சுக்கு இருபத்தைந்து போனால் மிச்சம் பதினைந்து நிமிஷம். ஐம்பது பிள்ளைகளுக்குப் பங்கிட்டால் தலைக்குப் பதினெட்டு விநாடி. இருபத்தைந்து பிள்ளைகள் என்றால் முப்பத்தாறு விநாடி. பக்கத்துப் பிள்ளையோடு இரண்டிரண்டு பேராகப் பேசச் சொன்னால் எல்லோருக்கும் ஏழெட்டு நிமிஷம் கிடைக்கும். அப்போது வகுப்பில் சத்தம் வரும். அந்தச் சத்தத்தைத் தலைமை ஆசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. 2023-24 கல்வியாண்டிலிருந்து நம் அரசுப் பள்ளிகள் மாநிலப் பாடத்திட்டத்தை விட்டு சி.பி.எஸ்.இ.க்கு மாறியிருக்கின்றன. வீட்டில் தமிழ் மட்டுமே கேட்கும் பிள்ளை ஆங்கிலப் புத்தகத்தில் விஞ்ஞானம் படிக்கிறது. நம் காலத்தில் நடந்தது போலவே இன்னொரு மாற்றம். திரையும் கணினியும் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மாறும்போது பயம் எங்கே போய் உட்காருகிறது என்று பார்க்க வேண்டும். நான் பார்த்தவரை பயம் அதிகாரத்தின் பின்னாலேயே போகிறது. பிரெஞ்சு ஆண்டபோது பயம் பிரெஞ்சு வகுப்பில் இருந்தது, ஆங்கில வகுப்பில் சிரித்தோம். இன்று ஆங்கிலம் ஆள்கிறது. பிரெஞ்சு விருப்பப் பாடமாகிவிட்டது. தெருக் கோடியில் பிரெஞ்சு ட்யூஷன் நடக்கும் வீட்டைக் கடந்து போனால் பிள்ளைகளின் சிரிப்பு கேட்கிறது. எதிர்ச்சாரியில் ஆங்கில ட்யூஷன் வீடு அமைதியாக இருக்கிறது.

ஆகவே பேரனுக்கோ பேத்திக்கோ பள்ளி பார்க்கப் போகும் நண்பர்கள் கட்டடத்தைப் பார்த்துவிட்டு, முடிந்தால் வராந்தாவில் ஒரு பத்து நிமிஷம் நில்லுங்கள். உள்ளே யார் குரல் கேட்கிறது என்று கவனியுங்கள். ஆசிரியர் குரல் மட்டும் கேட்டால் யோசியுங்கள். ஒரு பிள்ளை தப்பும் தவறுமாக எதையோ சொல்ல, மற்றப் பிள்ளைகள் கேலி செய்யாமல் கேட்டுக்கொண்டிருந்தால், கூரையில் விசிறி ஓடாவிட்டாலும் பரவாயில்லை, அங்கேயே சேர்த்துவிடுங்கள்.